வேலைக்குச் சேர்ந்த புதிது, ட்ரெய்லர் ஒரு பக்கியை (பிக்கப் வண்டியை) இடித்துவிட்டது. வேலை போய்விடுமா?

புதுடிரைவர்_சாட்ஸ்வொர்த் · செவ்வாய், மாலை 6:40

எல்லோருக்கும் வணக்கம். கை நடுக்கம் இன்னும் அடங்கவில்லை. முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோட் 14 (ட்ரெய்லர் லாரிக்கான லைசென்ஸ்) எடுத்து, பிடிபியும் (தொழில்முறை டிரைவர் பெர்மிட்) வாங்கி, கொஞ்ச காலம் எட்டு டன் வண்டியில் கடைகளுக்கு டெலிவரி ஓடினேன். இப்போதுதான் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் ஹார்ஸும் (முன்னால் இழுக்கும் வண்டி) ட்ரெய்லரும் கொடுத்து ஓட்ட விட்டார்கள். ப்ரொபேஷன் முடியவில்லை. இன்று காலை டர்பன் துறைமுகத்தை ஒட்டிய பேஹெட்டில் லோடு ஏற்றிக்கொண்டு ஜேக்கப்ஸில் ஒரு கிடங்குக்குப் போக வேண்டியிருந்தது. வழக்கமான வழியில் ரோடு வேலை நடக்கிறது என்று கன்ட்ரோலர் ஃபோனில் வேறு வழி சொன்னார். கிளேர்வுட்டில் சவுத் கோஸ்ட் ரோட்டிலிருந்து இடதுபக்கம் ஒரு குறுகலான தெருவுக்குள் திரும்ப வேண்டும். அந்தத் தெருவுக்குள் நான் லாரியோடு போனதே இல்லை.

மெதுவாகத்தான் திருப்பினேன். ஹார்ஸ் முழுக்க உள்ளே போய்விட்டது. இடது கண்ணாடியில் ட்ரெய்லரின் பக்கத் திரைதான் தெரிந்தது, பின்சக்கரம் தெரியவில்லை. முனையில் ஒரு வெள்ளை பக்கி நின்றது. அதைத் தாண்டிவிட்டோம் என்று நினைக்கும்போதே சத்தம் கேட்டது. பிரேக் போட்டு இறங்கிப் பார்த்தால், பக்கியின் வலது பின்மூலை நசுங்கி, டெயில் லைட் சுக்குநூறாகி, பம்பர் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ட்ரெய்லரில் திரையை இறுக்கும் கொக்கிகள் இரண்டு வளைந்துவிட்டன, கீழே நீளமாக ஒரு கீறல். பக்கிக்குள் யாரும் இல்லை. யாருக்கும் அடியில்லை.

பக்கிக்காரர் எதிரே இருந்த உதிரிபாகக் கடையிலிருந்து ஓடி வந்தார். நம்ம ஆள்தான், வயதானவர். முதலில் கத்தினார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பெயர், நம்பர் எல்லாம் கொடுத்து வாங்கிக்கொண்டோம். ஃபோட்டோ எடுத்தேன். அங்கிருந்தே கன்ட்ரோலருக்குச் சொன்னேன்.

சாயங்காலம் டிப்போவில் வண்டியை விட்டதும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஹியரிங் (விசாரணை) இருக்கும், தேதி பிறகு சொல்கிறோம் என்றார்கள். கூடவே ஒரு தாள்: இன்சூரன்ஸ் எக்ஸஸை (இன்சூரன்ஸ் தராமல் கம்பெனியே கட்ட வேண்டிய பங்கை) என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று. தொகை எழுதும் இடம் காலியாக இருந்தது. நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று கையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெளியே வரும்போது சூப்பர்வைசர் தோளில் கை போட்டு, “நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துடு, ரெக்கார்ட் சுத்தமா இருக்கும். லானி (முதலாளி) டிஸ்மிஸ் பண்ணிட்டா வேற எங்கேயும் எடுக்க மாட்டாங்க” என்றார். நல்லதுக்குத்தான் சொன்னாரா என்று தெரியவில்லை.

கோட் 14 பயிற்சிக்கு அம்மா தன் ஸ்டோக்வெல் (சீட்டு) பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வேலை போய்விடுமா? ராஜினாமா கொடுப்பதுதான் புத்திசாலித்தனமா?


டோங்காட்_பெரியவர் · செவ்வாய், மாலை 6:58

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். போலீசில் பதிவு செய்தாயா? நீ எழுதியதில் அது இல்லையே.

நேஷனல் ரோடு டிராஃபிக் ஆக்ட் 61-ஆம் பிரிவு. அடுத்தவர் சொத்துக்குச் சேதம் மட்டும் என்றாலும் அடுத்த வேலை நாளுக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ டிராஃபிக் ஆபீசிலோ சொல்லியாக வேண்டும். யாருக்கும் அடியில்லை, நம்பர் கொடுத்துவிட்டேன் என்பதெல்லாம் அதற்குப் பதில் ஆகாது. இன்று நடந்தது என்றால் நாளைவரைதான் நேரம். நாளைக்கு உன்னை எங்கே அனுப்புவார்களோ, வரிசை எவ்வளவு நீளமோ. சாப்பிட்டுவிட்டு இப்போதே கிளம்பு. லைசென்ஸ், பிடிபி, பக்கியின் நம்பர், உன் வண்டி ட்ரெய்லர் இரண்டின் நம்பரும் எடுத்துக்கொண்டு போ. அவர்கள் தரும் ரிப்போர்ட் நம்பரை ஃபோட்டோ எடுத்துக்கொள்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் டர்பனுக்கும் ஜோபர்க்குக்கும் ஓடியவன். இடித்ததால் வேலை போனவர்களைவிட, இடித்ததைச் சொல்லாமல் விட்டு வேலை போனவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நீ அங்கிருந்தே சொன்னது ரொம்பச் சரி. இதையும் முடித்துவிடு.


ஃபீனிக்ஸ்44 · செவ்வாய், இரவு 7:15

எல்லோரும் சட்டம் பேசுவார்கள். நிஜத்தில் நடப்பதைச் சொல்கிறேன். என் சித்தப்பா மகனுக்கு இதே மாதிரி ஆனது. கேட் தூணை இடித்தான். ஹியரிங் என்றார்கள், அவன் முந்திக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டான். அடுத்த கம்பெனி ஃபார்மில் “எப்போதாவது டிஸ்மிஸ் செய்யப்பட்டீர்களா” என்று கேட்டதற்கு இல்லை என்று மனசாட்சியோடு எழுதினான். இன்றைக்கு நல்ல வேலையில் இருக்கிறான். ப்ரொபேஷனில் இருப்பவனுக்கு என்ன உரிமை இருக்கிறது? மரியாதையாக வெளியே வந்துவிடு தம்பி.


பைன்டவுன்_அக்கா · செவ்வாய், இரவு 7:52

தம்பி, நான் டிரான்ஸ்போர்ட் கம்பெனிகளில் பல வருஷம் ஹெச்ஆர் வேலை பார்த்தவள். ஃபீனிக்ஸ் தம்பி நல்ல மனசோடு சொல்கிறார், ஆனால் அது தப்பான யோசனை. ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன், இதே பயத்தோடு நிறைய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நீயாக ராஜினாமா கொடுத்தால், ‘என்னை நியாயமில்லாமல் நீக்கினார்கள்’ என்று சொல்லும் வழி அநேகமாக அடைபட்டுவிடும். யுஐஎஃப்பும் (வேலை இல்லாதபோது தரும் காப்பீட்டுப் பணம்) கிடைக்காது. ஒவ்வொரு மாதமும் உன் சம்பளத்தில் ஒரு சதவீதம் அதற்குத்தான் போகிறது, கம்பெனியும் ஒரு சதவீதம் கட்டுகிறது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் அதைக் கேட்கலாம். தானாக விட்டுப் போனவர் கேட்க முடியாது. அம்மாவின் ஸ்டோக்வெல் பணம் ஏற்கெனவே கரைந்துவிட்டது என்கிறாய், அப்படியிருக்க அந்தக் கதவையும் நீயே ஏன் சாத்த வேண்டும்?

ப்ரொபேஷனில் உரிமையே இல்லை என்பது தப்பு. லேபர் ரிலேஷன்ஸ் ஆக்ட், 1995-ஆம் வருஷத்தின் 66-ஆம் சட்டம், நீக்குவதற்கு நியாயமான காரணமும் வேண்டும், நியாயமான முறையும் வேண்டும் என்கிறது. ப்ரொபேஷனில் வேலைத்திறன் சரியில்லை என்று நீக்கும்போது காரணம் கொஞ்சம் இலகுவாக இருந்தாலும் ஏற்பார்கள், அது உண்மை. ஆனால் உன் பக்கத்தைக் கேட்காமல் நீக்கக் கூடாது. குற்றச்சாட்டை உனக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும், பதில் தயார் செய்ய நேரம் தர வேண்டும், கூட வேலை செய்பவர் ஒருவரையோ ஷாப் ஸ்டூவர்டையோ (தொழிற்சங்கப் பிரதிநிதி) துணைக்கு அழைத்துப் போகலாம். அப்படியும் நீக்கினால் 30 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். லாரித் தொழிலுக்குத் தனி பார்கெய்னிங் கவுன்சில் (முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த அமைப்பு) இருக்கிறது. பே ஸ்லிப்பில் கவுன்சில் பிடித்தம் இருக்கிறதா பார். இருந்தால் அங்கே கொடு, இல்லையென்றால் சிசிஎம்ஏ (வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் பொது அமைப்பு). புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 30 நாள் என்பதை மட்டும் மறக்காதே. ஊருக்குப் போய்விட்டேன், உடம்பு சரியில்லை என்று தாமதித்து நல்ல கேஸைத் தொலைத்தவர்கள் நிறைய.

இனி அந்தத் தாள். தொகை காலியாக இருக்கும் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. பேசிக் கண்டிஷன்ஸ் ஆஃப் எம்ப்ளாய்மென்ட் ஆக்ட் 34-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால் சேதம் வேலை நேரத்தில், உன் தவறால் நடந்திருக்க வேண்டும். ஏன் பிடிக்கக் கூடாது என்று சொல்ல உனக்கு வாய்ப்புத் தந்திருக்க வேண்டும். எந்தக் கடன் என்று குறிப்பிட்டு நீ எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். உண்மையான நஷ்டத்தைத் தாண்டக் கூடாது. சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் பிடிக்கவும் கூடாது. ஹியரிங்கே நடக்கவில்லை, தவறு யாருடையது என்று முடிவாகவில்லை, அதற்குள் என்ன கையெழுத்து? “ஹியரிங் முடிந்து, கேரேஜ் பில்லைப் பார்த்தபின் பேசுகிறேன்” என்று மரியாதையாகச் சொல். வாங்கிக்கொண்டேன் என்பதற்குக் கையெழுத்து கேட்டால், “பெற்றுக்கொண்டேன், சம்மதம் அல்ல” என்று உன் கையால் எழுதிப் போடு.

போலீசுக்குப் போனாயா?


புதுடிரைவர்_சாட்ஸ்வொர்த் · செவ்வாய், இரவு 10:20

போய்விட்டு வந்தேன் தாத்தா. ரொம்ப நன்றி. வரிசையில் நிறைய நேரம் நிற்க வேண்டியதாயிற்று, ஆனால் ஃபார்ம் எழுதி நம்பர் கொடுத்தார்கள். படம் எல்லாம் வரையச் சொன்னார்கள். லைசென்ஸில் ஏதாவது ஏறுமா என்று கேட்டேன். ரிப்போர்ட் கொடுத்ததால் எதுவும் ஏறாது, கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பானால்தான் அந்தப் பேச்சு என்றார் அங்கிருந்த அம்மா.

வீட்டிலும் சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தட்டில் சோறு போட்டார். ஆயா மட்டும் கிளேர்வுட் முருகனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார்.

அக்கா, தாளில் கையெழுத்துப் போடவில்லை. ஹார்ஸில் டாஷ்கேம் இருக்கிறது, டிராக்கரும் இருக்கிறது. அது எனக்கு எதிராகப் போகுமா?


கன்ட்ரோலர்_பேஹெட் · புதன், காலை 5:10

நான் இந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவன். வேறொரு கம்பெனி. ஆபீசில் என்ன பார்ப்போம் என்பதைச் சொன்னால் உனக்கு உதவும்.

முதலில் பார்ப்பது ஃபோன். இடித்த நேரத்தில் டிரைவர் பேசிக்கொண்டிருந்தாரா? அடுத்தது டிராக்கர். திரும்பும்போது வேகம் என்ன, இடித்த பிறகு எவ்வளவு நேரத்தில் வண்டி நின்றது. அப்புறம் குடி. தொழில்முறை டிரைவருக்கு ரத்தத்தில் 0.02 தான் வரம்பு, மற்றவர்களுக்கு 0.05. நிறைய கம்பெனிகளில் 0.02 கூடக் கிடையாது, பூஜ்யம்தான். டிப்போவில் ஊதச் சொன்னார்களா? சொல்லியிருந்தால் அந்தச் சீட்டின் நகல் கேள். இதெல்லாம் சுத்தமாக இருந்தால், டாஷ்கேமும் டிராக்கரும் உனக்குச் சாட்சி. நீயே ஹியரிங்கில் அதைப் போட்டுக்காட்டச் சொல்லிக் கேள். இன்றைக்கே எழுத்தில் கேட்டுவிடு, சில கருவிகளில் பழைய பதிவு மேல் புதிய பதிவு ஏறிவிடும்.

ஒரு டிரைவரைப் பழக்கி எடுக்க எங்களுக்கும் செலவு இருக்கிறது. டெயில் லைட்டுக்காக ஆளை அனுப்பிவிட்டு இன்னொரு புது ஆளை எடுத்தால் அவனும் ஏதாவது ஒரு முனையை இடிக்கத்தான் போகிறான். நாங்கள் ஒருபோதும் வைத்துக்கொள்ளாதது பொய் சொல்பவனை. ட்ரெய்லரில் புதுக் கீறல் இருக்கும், கேட்டால் முன்பே இருந்தது என்பான். அந்த ஆளிடம் நாளைக்கு 56 டன் வண்டியை எப்படிக் கொடுப்பது?

அதனால் உன் ஸ்டேட்மெண்டில் தவறை நேராக ஒத்துக்கொள். பக்கி அங்கே நின்றது, தெரு குறுகல் என்று சாக்கு அடுக்காதே.


பைன்டவுன்_அக்கா · புதன், காலை 7:30

கன்ட்ரோலர் தம்பி சொன்னதில் முக்கால்வாசி சரி. கடைசி வரி மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை.

ஸ்டேட்மெண்டில் “என் கவனக்குறைவால்” என்று எழுதுவது உண்மையைச் சொல்வது அல்ல, தீர்ப்பை நீயே எழுதுவது. ஹியரிங் நடத்துபவர் வேலையே அதுதான். நீ பார்த்தது, செய்தது, செய்யாதது, அதை மட்டும் எழுது. எத்தனை மணி, எந்தத் தெரு, யார் அந்த வழியைச் சொன்னது, வேகம், கண்ணாடியில் என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை, இடித்ததும் என்ன செய்தாய். பின்சக்கரம் தெரியவில்லை என்று இங்கே எழுதினாயே, அதை அங்கேயும் எழுது. அதை மறைக்காதே. கன்ட்ரோலர் வழி மாற்றியதையும் எழுது, அதையும் மறைக்காதே.


கிளேர்வுட்_பேரன் · புதன், காலை 9:05

சாக்கு என்று சொல்பவர்கள் ஒரு தடவை அந்தத் தெருவில் வந்து நின்று பார்க்க வேண்டும்.

கிளேர்வுட் லாரிக்காகப் போட்ட ஊர் இல்லை. என் தாத்தா காலத்தில் வீடும் தோட்டமும் கோயிலும் பள்ளியுமாக இருந்த இடம். கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிந்து வந்தவர்கள் காய்கறி போட்டுப் பிழைத்த பக்கம். அப்புறம் தொழிற்பேட்டை என்றார்கள், துறைமுகச் சரக்குக்கு இடம் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு வீடாக லாரி நிறுத்தும் இடமாக மாறியது. குதிரைப் பந்தய மைதானம் இருந்த இடத்தில் இப்போது லாஜிஸ்டிக்ஸ் பார்க். ரயிலில் போக வேண்டிய சரக்கெல்லாம் ரோட்டில் வருகிறது. தெரு மட்டும் அதே அகலம். வீட்டு வாசலில் கன்டெய்னர் திரும்புகிறது என்று ஊர்க்காரர்கள் எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த முனையில் சுவரையும் விளக்குக் கம்பத்தையும் பாருங்கள், எத்தனை லாரியின் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது என்று தெரியும்.

தம்பி, டேப் எடுத்துக்கொண்டு போய் அந்தத் தெருவின் அகலத்தை அள. பக்கி நின்ற இடம் முனையிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் அள. சந்திக்கு ஐந்து மீட்டருக்குள் வண்டி நிறுத்தக் கூடாது என்று லேர்னர்ஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. சுவரில் இருக்கும் பழைய உரசல்களை ஃபோட்டோ எடு. கனரக வண்டிக்குத் தடைப் பலகை இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார். இருந்தால் அந்த வழியைச் சொன்னவர் பதில் சொல்லட்டும்.


கன்ட்ரோலர்_பேஹெட் · புதன், காலை 9:40

கிளேர்வுட் அண்ணா, அளக்கச் சொன்னது நல்ல யோசனை. ஆனால் தடைப் பலகை இருந்தால் அது தம்பிக்கும் எதிராகப் போகும். பலகையைப் பார்க்க வேண்டியது ஸ்டீயரிங் பிடித்தவனும்தான். அது தெரிந்தே போய்ப் பார்க்கட்டும்.

அக்கா சொன்ன மாதிரி நடந்ததை மட்டும் எழுது, சரி. நான் சொல்ல வந்தது தொனியைப் பற்றி. ஹியரிங்கில் எடுத்த எடுப்பில் தெருவைக் குறை சொன்னால், இவனுக்கு இன்னும் புரியவில்லை என்று நினைத்துவிடுவார்கள். “அடுத்த தடவை இப்படிச் செய்வேன்” என்று ஒரு விஷயமாவது தெளிவாகச் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.


நாமக்கல்_டு_ஜோபர்க் · புதன், மதியம் 1:25

அடுத்த தடவை என்ன செய்ய வேண்டும் என்பதை நான் சொல்கிறேன். ஊரில் லாரிக் குடும்பம், இங்கே ஜோபர்க்கில் டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

ட்ரெய்லரின் பின்சக்கரம் ஹார்ஸ் போன தடத்தில் வராது. கிங்பின்னிலிருந்து (ட்ரெய்லர் ஹார்ஸோடு இணையும் முளை) பின் அச்சு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். எட்டு டன் வண்டியில் பழகிய கைக்கு இதுதான் பெரிய வித்தியாசம். அந்த வண்டி திரும்பினால் மொத்தமாகத் திரும்பும். இது முன்னால் திரும்பி முடித்த பிறகும் பின்னால் திரும்பிக்கொண்டே இருக்கும். தேர் முக்கு திரும்பும்போது பார்த்திருப்பாய், வடம் இழுப்பவர்கள் முன்னால் போய்விடுவார்கள், ஆனால் முட்டுக்கட்டை போடுகிறவர் கண் பின்சக்கரத்தை விட்டு நகராது. அந்த ஆளின் வேலையும் உன்னுடையதுதான்.

இடது திருப்பத்தில் சீக்கிரம் ஸ்டீயரிங்கை ஒடிக்காதே. நேராக இன்னும் உள்ளே போ. கேபின் முனையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் கர்ப் (நடைபாதை விளிம்பு) கிட்ட வரும்வரை போய், அப்புறம் திருப்பு. உள்ளே எதிர் வண்டி வந்தால் காத்திரு, பின்னால் ஹார்ன் அடிப்பவன் அடிக்கட்டும். அதே சமயம் இடதுபக்கம் ரொம்ப இடம் விட்டுவிடாதே, டர்பன் டாக்ஸிக்காரர் அதற்குள் நுழைந்துவிடுவார். திருப்பும்போது கண்ணாடி முழுக்கத் திரைதான் தெரிகிறது, பின்சக்கரம் தெரியவில்லை என்றால் அந்த இடத்திலேயே நிறுத்து. ஹசார்டு லைட் போடு. இறங்கிப் போய்ப் பார். வெட்கமே வேண்டாம். பத்துத் தடவை இறங்கினாலும் இறங்கு. இறங்கிப் பார்க்கிறவனைத் திட்டும் கம்பெனியில் நீ இருக்கவே வேண்டாம்.

தெரியாத வழி சொன்னால் கேள்: “இந்த நீளத்துக்கு அங்கே திரும்ப இடம் இருக்கிறதா, நம்ம வண்டி ஏதாவது அங்கே போயிருக்கிறதா?” கேட்டால் ஒன்றும் குறைந்துபோகாது.


டோங்காட்_பெரியவர் · புதன், மதியம் 2:10

நாமக்கல்காரர் சொன்ன கடைசிப் பேச்சைக் கல்வெட்டில் வைக்க வேண்டும். 2013 செப்டம்பரில் பைன்டவுனில் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி மினிபஸ் டாக்ஸிகள் மேல் ஏறியது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அதற்கப்புறம்தான் பெரிய லாரிகளை அந்த இறக்கத்தில் விடக் கூடாது என்று நிறுத்தினார்கள். நான் அந்த வாரமும் ஓடிக்கொண்டுதான் இருந்தேன். வழி என்ன, இறக்கம் என்ன, பிரேக் எப்படி இருக்கிறது என்று கேட்கிற டிரைவரை ‘பயந்தாங்கொள்ளி’ என்று சொன்ன ஃபோர்மேன்கள் அந்த வாரத்தில் வாயைத் திறக்கவில்லை.

உன்னுடையது டெயில் லைட்டோடு போயிற்று தம்பி. கேட்கும் பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்.


மெரிபேங்க்_வீட்டுக்காரி · புதன், மாலை 5:45

என் வீட்டுக்காரரும் லாரிதான், என்3 நெடுஞ்சாலையில் ராத்திரி ஓட்டம். 2021 ஜூலையில் மூயி ரிவரில் லாரிகளைக் கொளுத்தியபோது இவர் அந்தப் பக்கம்தான் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தார். ஃபோன் எடுக்கவில்லை. விடியும்வரை நானும் பிள்ளைகளும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதிலிருந்து வண்டிக்கு என்ன ஆனாலும் எனக்குக் கவலையில்லை, ஆள் வீட்டுக்கு வந்தால் போதும்.

உன் அம்மா ஒன்றும் பேசாமல் சோறு போட்டார் என்றாயே தம்பி, அவர் கோபத்தில் இல்லை. நான் சொல்கிறேன், நம்பு.

ஒன்று கேட்கிறேன். கழுத்து, தோள்பட்டை ஏதாவது வலிக்கிறதா? திடீர் பிரேக்கில் மறுநாள்தான் தெரியும். வலித்தால் கம்பெனியில் எழுதிக் கொடு. வேலையில் பட்ட அடிக்கு வைத்தியச் செலவு கேட்க வழி இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது.


ஃபீனிக்ஸ்44 · புதன், மாலை 6:30

சரி, யுஐஎஃப் விஷயம் எனக்குத் தெரியாது. என் தம்பி இரண்டு மாசம் சும்மா இருந்தான், அப்போது அந்தப் பணம் உதவியிருக்கும். ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதை யாரும் பேசவில்லை. பக்கிக்காரர் இந்தப் பையன் பெயரில் கேஸ் போட்டால்? ரோடு ஆக்ஸிடென்ட் ஃபண்ட் கொடுக்குமா?


பைன்டவுன்_அக்கா · புதன், இரவு 8:15

நல்ல கேள்வி. ரோடு ஆக்ஸிடென்ட் ஃபண்ட் ஆளுக்குப் பட்ட காயத்துக்கும் உயிரிழப்புக்கும்தான். வண்டிச் சேதத்துக்கு ஒரு சென்ட் தராது. பக்கிக்காரருக்கு இன்சூரன்ஸ் இருந்தால் அவர்கள் கொடுத்துவிட்டுக் கம்பெனியிடம் வசூலிக்க வருவார்கள். இல்லையென்றால் அவரே கம்பெனியிடம் கேட்பார். வேலை நேரத்தில், கம்பெனி வேலையாக ஓட்டும்போது நடந்ததற்குக் கம்பெனி பொறுப்பு. சில சமயம் டிரைவர் பெயரையும் சேர்த்துக் கடிதம் வரும். வந்தால் பயந்து பணம் கட்டவும் வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம். நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆபீசில் கொடுத்து, வாங்கியதற்கு ஈமெயில் கேள்.

பக்கிக்காரரிடம் தனியாக “நான் கொடுத்துவிடுகிறேன் மாமா” என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதே. தண்ணீர் கொடுத்த மனுஷர், உனக்கு மனசு இளகும். இன்சூரன்ஸ் கம்பெனி அதைச் சிக்கலாக்கிவிடும்.


புதுடிரைவர்_சாட்ஸ்வொர்த் · அடுத்த வாரம் வியாழன், மாலை 7:05

எல்லோருக்கும் வணக்கம். இன்று ஹியரிங் முடிந்தது. வேலை இருக்கிறது.

நீங்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். துணைக்குக் கூட ஓட்டும் ஒரு அண்ணனை அழைத்துப் போனேன், ஜூலுக்காரர், எங்கள் ஷாப் ஸ்டூவர்ட். அவர்தான் டாஷ்கேமைப் போடச் சொல்லிக் கேட்டார். வேகம் ஆள் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலேதான். ஃபோன் கையில் இல்லை. வழி மாற்றிச் சொன்ன கால் பதிவும் இருந்தது. தெருவில் தடைப் பலகை இல்லை. பக்கி முனையிலிருந்து மூன்று மீட்டர்கூடத் தள்ளி நிற்கவில்லை, அளந்த ஃபோட்டோவைக் கொடுத்தேன். அதைக் கடைசியில்தான் கொடுத்தேன் கன்ட்ரோலர் அண்ணா. முதலில், பின்சக்கரம் தெரியாதபோது நிறுத்தி இறங்கியிருக்க வேண்டும், இனி அப்படித்தான் செய்வேன் என்று சொன்னேன். ஹியரிங் நடத்தியவர் அதை எழுதிக்கொண்டார். இந்த ஹார்ஸைக் கொடுக்கும்முன் பயிற்சியாளரோடு ஓட்டிக் காட்டினார்களா என்று அவரே சூப்பர்வைசரைக் கேட்டார். சூப்பர்வைசர் பதில் சொல்லத் தடுமாறினார்.

எழுத்துமூல வார்னிங், ஆறு மாதத்துக்கு. அடுத்த வாரம் பயிற்சியாளர் ஒருவரோடு உட்கார வேண்டும். ராஜினாமாப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

எக்ஸஸ் விஷயம் மட்டும் முடியவில்லை. பில் வந்ததும் பேசுவோம் என்றார்கள். ஒரு பங்கு நான் கொடுக்க வேண்டியிருக்கும் என்கிற மாதிரி பேச்சு. வார்னிங்கில் கையெழுத்துப் போட்டேன், அது சரிதானே அக்கா?


கன்ட்ரோலர்_பேஹெட் · வியாழன், மாலை 7:20

சந்தோஷம் தம்பி. பயிற்சியாளரிடம் இடது திருப்பம் மட்டும் அல்ல, இடதுபக்கம் ரிவர்ஸ் எடுப்பதையும் கேட்டுப் பழகு. கண்ணுக்குப் படாத பக்கம் அதுதான். கிடங்கு டாக்கில் அடுத்த இடி அங்கேதான் வரும்.


டோங்காட்_பெரியவர் · வியாழன், மாலை 7:31

ஆயாவிடம் சொல்லு, நேர்த்திக்கடனை நீயே நடந்துபோய்ச் செலுத்த வேண்டும் என்று. லாரியில் போகாதே, அங்கே நிறுத்த இடம் கிடையாது.


பைன்டவுன்_அக்கா · வியாழன், இரவு 8:40

வார்னிங்கில் போட்ட கையெழுத்து, வாங்கிக்கொண்டதற்கான கையெழுத்து. அதில் பிரச்சினை இல்லை. நகல் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே வாங்கு. எந்தத் தேதியோடு காலாவதியாகும் என்று அதில் எழுதியிருக்கிறதா பார்த்துக்கொள்.

எக்ஸஸுக்கு வருவோம். உன் சம்மதம் இல்லாமல் பிடிக்க முடியாது, அதை மனதில் வை. ஒரு பங்கு கொடுப்பது நியாயம் என்று உனக்கே தோன்றினால், அது உன் முடிவு. ஆனால் மூன்று விஷயம் பார்த்துவிட்டுச் செய். இன்சூரன்ஸ் கம்பெனி உண்மையிலேயே எவ்வளவு எக்ஸஸ் கேட்டது என்ற கடிதம், கேரேஜ் பில், மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்று தொகையோடு எழுதிய தாள். கால் பங்கு என்பது உச்ச வரம்பு, அவ்வளவு பிடித்தே ஆக வேண்டும் என்று அர்த்தம் இல்லை. பேச்சுக்கு 16,000 ரேண்ட் சம்பளம் என்றால் மாதம் 4,000-க்கு மேல் போகக் கூடாது, 1,000 என்று பேசி முடிப்பதை யாரும் தடுக்கவில்லை. வழி சொன்னதில் கம்பெனிக்கும் பங்கு இருந்தது என்று ஹியரிங் பதிவிலேயே வந்துவிட்டது, அதை வைத்துக் குறைக்கச் சொல்லிக் கேள்.

அதுவரை மாதக் கடைசியில் பே ஸ்லிப்பை வரி வரியாகப் பார். சொல்லாமல் ஏதாவது பிடித்திருந்தால் அன்றைக்கே எழுத்தில் கேள். பில் வந்ததும் கம்பெனி பெயரையும் உன் பெயரையும் மறைத்துவிட்டு இங்கே போடு, நானும் பார்க்கிறேன்.